தொடையில் கட்டிய டியூப்

என் பெயரைக் கெடுத்தவர் என் மச்சான். என் கூடப் பிறந்த அக்காவைக் கட்டியவர். எங்கள் சபைக் கமிட்டியில் நோட்டு எழுதியவர். என் தொடையில் நான் கட்டியிருந்த ரப்பர் டியூப்பில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நான் சாராயம் கடத்தினேன் என்று சபை முடிவு கட்டியபோது, அந்த முடிவைத் தன் கையாலேயே நோட்டில் எழுதினார்.

ஒரு பக்கப் பேச்சு என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவன் நான். அழகாகச் சொல்ல வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். இதில் எனக்கே விளங்காத இடங்கள் நிறைய உண்டு. விளங்கினது போல எழுத மாட்டேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் பாரவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பந்தல்குடிக்குப் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. ஊரில் எடுக்கிற பருத்தியை மூட்டை கட்டி அருப்புக்கோட்டையில் விதை பிரிக்கிற ஜின்னிங் பாக்டரிக்கு ஏற்றிப் போவேன். திரும்பும்போது பருத்தி விதை ஏற்றி வருவேன். ஒரு பங்குனி மாதம், ஏற்றின பாரத்தின் மேல் நின்று கயிற்றை இழுத்துக் கட்டினேன். கயிறு அறுந்தது. மல்லாக்க விழுந்தேன். பக்கத்தில் நின்ற வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவில் நடு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே அடிபட்டது. மளுக்கென்று சத்தம் கேட்டதாக மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு வலிக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன். கால் இரண்டும் வேறு யாருடையதோ போலக் கிடந்தன.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தேன். டாக்டர் ஒளித்துப் பேசாதவர்.

"தண்டுவடம் நசுங்கியிருக்கு. முழுசா அறுந்திருந்தா காலப் பத்திப் பேச்சே இல்ல."

"காலு வருமாய்யா?"

"கொஞ்சம் வரும். கம்பு வச்சு நடக்கலாம்."

"மூத்திரம்?"

"அது தன்பாட்டுக்குப் போகும். போறது உனக்குத் தெரியாது."

அவர் சொன்னபடியேதான் ஆனது. வலது கால் வந்தது. இடது கால் இழுபட்டுக்கொண்டு வரும். இரண்டு கம்பு ஊன்றி நடந்தேன். ஆனால் உட்காருகிற இடமும் அதற்கு முன்னால் இருக்கிறதும் செத்துப்போயின. கிள்ளினால் தெரியாது. சூடு தெரியாது. வேட்டி நனைந்திருக்கிறது என்பதை ஈ மொய்க்கிறதை வைத்துத் தெரிந்துகொள்வேன். இல்லாவிட்டால் என் பெண்டாட்டி மூக்கைச் சுளிக்கிறதை வைத்து. முப்பது வயது ஆள் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை ஈயிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று யாரிடமாவது சொல்லி விளக்க முடியுமா? எனக்கு முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

முதல் ஆறு மாதம் துணிதான். அப்போது துணிக்குக் கண்ட்ரோல். கார்டுக்கு இத்தனை முழம் என்று அளந்து கொடுத்தார்கள். அவளுடைய கிழிந்த சேலையெல்லாம் என் கோவணமாகிப்போனது. பிறகு பாக்டரியில் தள்ளிவிடுகிற கழிவுப் பஞ்சை வாங்கி வந்து துணிக்குள் பொதிந்து கட்டினேன். பஞ்சு நன்றாக உறிஞ்சும். ஆனால் உறிஞ்சினதை அப்படியே வைத்துக்கொள்ளும். தொடை இடுக்கில் தோல் வெந்து உரிந்தது. வலிக்காத புண் மோசமானது. அது இருப்பதே தெரியாது. கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் தினமும் விடிந்ததும் கண்ணாடி வைத்துப் பார்க்கப் பழகினேன்.

வெளிக்குப் போகிறதும் அப்படித்தான். அது வருகிற வரைக்கும் காத்திருந்தால் நடுரோட்டில் வந்து நிற்கும். அதனால் விடிந்ததும் சுடுதண்ணீர் குடித்து, ஒரு பக்கம் சாய்ந்து படுத்து, விரலில் விளக்கெண்ணெய் தடவி நானே எடுத்துவிடுவேன். பிறகு நாள் முழுக்க அந்தக் கவலை கிடையாது. இதை எழுத நான் வெட்கப்படவில்லை. என்னைப் போல விழுந்த ஒருவன் எங்கேயாவது இருந்து இதைப் படித்தால், அவனாவது ஆறு மாதத்தை வீணாக்காமல் இருக்கட்டும்.

வயிற்றை அழுத்துகிற வித்தையை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். தொப்புளுக்குக் கீழே முஷ்டியை வைத்து, முன்னால் குனிந்து, மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே இருக்கிறது வெளியே வந்துவிடும். பிறகு கொஞ்ச நேரம் ஒழுகாது. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. என்னிடம் கடிகாரம் கிடையாது. நான் மறுபடி வண்டியில் ஏறினபோது அதற்கு வழி கிடைத்தது.

ஏறினேன். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பாரம் ஏற்ற இறக்க ஆள் வைத்துக்கொண்டேன். மாட்டை அதட்ட வாயும், கயிறு பிடிக்கக் கையும் போதும். இரண்டும் என்னிடம் இருந்தன. அருப்புக்கோட்டை ரோட்டில் மைல்கல் நட்டிருப்பார்கள். நாலு கல்லுக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் போய் அழுத்திவிட்டு வருவேன். நாலு கல்லுக்குள் ஒழுகினது இல்லை. ஐந்தாவது கல்லுக்கு விட்டால் ஒழுகும். வெயில் காலத்தில் ஐந்து கல்லுக்கும் தாங்கும். மோர் குடித்திருந்தால் மூன்றுதான். இதையெல்லாம் நானே கண்டுபிடித்தேன். மாடுகளும் பழகிவிட்டன. நாலாவது கல் வந்தால் தானாக நிற்கும்.

ஆனால் கோயிலில் பிரசங்கத்துக்கு மைல்கல் கிடையாது.

எங்கள் கோயிலில் பாயில் உட்கார வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பக்கத்தில் இருக்கிறவன் முழங்கை என் மேல் இடிக்கும். வாராவாரம் உபதேசியார் ஆராதனை நடத்துவார். குருவானவர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து அப்பமும் திராட்சை ரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். அன்றைக்கு ஆராதனை எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. நடுவில் எழுந்து கம்பைத் தட்டிக்கொண்டு வெளியே போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். போகாவிட்டால் பாய் நனையும். ஒரு தடவை நனைந்தது. கூரை ஒழுகுகிறது என்று பக்கத்தில் இருந்தவர் மேலே பார்த்தார். மழை பெய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

அப்போதுதான் மச்சான் என் வீட்டுக்கு வந்தார். அவர் பாக்டரியில் கணக்கப்பிள்ளை. பாக்டரிக்குப் பக்கத்தில் குடியிருந்து, சைக்கிளில் கோயிலுக்கு வந்துபோவார்.

"என்ன மாப்பிள்ள, கோயிலுக்கு வரக் காணோம்? கர்த்தர் மேல கோவமா, உபதேசியார் மேல கோவமா?"

சொல்லிவிட்டேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. ரொம்ப நாளாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவர் அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

அவர் சிரிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். எழுந்து வெளியே போனார். சைக்கிள் பின்னால் கட்டியிருந்த பழைய டியூப்பை அவிழ்த்துக்கொண்டு வந்தார். யுத்த காலத்தில் டியூப் கிடைப்பது லேசு இல்லை. அவரே அதை மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டு வைத்திருந்தார். ஒட்டு இல்லாத இடமாகப் பார்த்து ஒன்றரை முழம் வெட்டினார். கீழ் நுனிக்கு ஒரு மரக்கட்டையைச் சீவி ஆப்பு வைத்து நூலால் இறுக்கினார். மேல் நுனியில் மல் துணியை உள்ளே சுருட்டி வைத்தோம், தோலில் உரசாமல் இருக்க. இடுப்பில் ஒரு நாடா, தொடையில் ஒரு நாடா. ஒழுகுகிறது உள்ளே இறங்கும், நிறைந்தால் ஆப்பைப் பிடுங்கிக் கொட்டிவிடலாம். கட்டிக்கொண்டு நடந்து காட்டினேன்.

"ராசா மாதிரி இருக்கே," என்றார்.

பைபிளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டேன். செய்தார்.

அந்த டியூப்தான் என்னை மறுபடி மனிதனாக்கியது. முதலில் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவினேன். ரப்பர் பிசுபிசுவென்று இளகிப்போனது. விளக்கெண்ணெய்க்கு மாறின பிறகு நின்றது. நாடாவை இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்துப்போகும், வலிக்காது. அதனால் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் கட்டுவேன். ஒரு வருஷத்தில் டியூப் விறைத்து வெடிக்கும். மச்சான் வேறு துண்டு கொடுப்பார். கோயிலுக்குப் போனேன். பாக்டரி வாசலில் நாலு பேரோடு உட்கார்ந்து எடை போடுகிறதைப் பார்த்தேன். திருச்சுழியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து ரசம் வாங்கிக் குடித்தேன். ரசம் குடிப்பது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். அதுவரைக்கும் நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போகிற நாளில் நான் தண்ணீரே குடித்ததில்லை.

சுதந்திரம் வந்தது. அதோடு எங்கள் ஜில்லாவுக்கும் மதுவிலக்கு வந்தது. கடையை அடைத்தார்கள். சாராயம் காய்ச்சுகிறது ஓடைப் பள்ளத்துக்குள் போனது. காய்ச்சினவர்கள் அதைப் பானையில் தூக்கினால் தெரியும் என்று சைக்கிள் டியூப்பில் ஊற்றி இடுப்பிலும் தொடையிலும் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இது எனக்குத் தெரியும். பந்தல்குடி ரோட்டில் இரண்டு பேரை அப்படிப் பிடித்தார்கள் என்று வண்டிக்காரர்கள் சொல்லிச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். என் தொடையில் அப்போது டியூப் இருந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. எப்படித் தோன்றாமல் போனது என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அது என் உடம்பில் ஓர் உறுப்பு போல ஆகிவிட்டிருந்தது. ஓர் உறுப்பைச் சந்தேகப்படுவார்கள் என்று யார் நினைப்பார்கள்?

நாலு வண்டி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். என்னுடையது இரண்டாவது. பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு போலீஸ் நின்றார்கள். மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். மூத்தவர் என்னிடம் வந்தார்.

"எறங்குலே."

"எறங்கச் சிரமமய்யா. காலு சரியில்ல."

"ரெண்டு போட்டா எந்தக் காலும் சரியாயிரும்."

கையைப் பிடித்து இழுத்தார். விழாமல் இருக்க அவர் தோளைப் பிடித்தேன். அவர் கை என் தொடையில் பட்டது. நின்றுவிட்டார். மறுபடி தொட்டார்.

"என்னலே இது?"

வேட்டிக்கு மேலேயே அமுக்கிப் பார்த்தார்.

"டியூப்பு. சூடா வேற இருக்கு. இப்பத்தான் எறக்குனதா?"

பின்னால் இருந்த வண்டியிலிருந்து ஒருவன், எங்கள் சபைக்காரன்தான், சத்தமாகச் சொன்னான்.

"அப்படிப் போடு. நொண்டிக் காலுக்குள்ள கடைய வச்சுக்கிட்டு ஒரு சொட்டு நமக்கு ஊத்தலையே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அது அவ்வளவு சின்ன வார்த்தை. குழந்தைகள்கூடத் தினமும் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை.

போலீஸ்காரர் என்னைப் பாலத்துக்கு அடியில் இழுத்துப் போனார். வேட்டியை விலக்கச் சொன்னார். விலக்கினேன். ஆப்பைப் பிடுங்கினார். கையில் ஊற்றி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். டியூப் மேலே எங்கே போய் முடிகிறது என்று பார்த்தார். கையை மண்ணில் தேய்த்தார்.

"எத்தன வருசமா?"

"நாலாவது வருசமய்யா."

"எங்கப்பாவும் கடைசியில இப்படித்தான் கெடந்தாரு," என்றார். "இது எங்களுக்குத் தோணாமப் போச்சே. நனஞ்சே கெடந்து செத்தாரு."

ஆப்பைத் திரும்ப வைக்க அவரே நூலைப் பிடித்துக் கொடுத்தார். என் கக்கத்தில் கை கொடுத்து மேலே ஏற்றிக் கூட்டி வந்தார். வண்டியில் தூக்கி உட்காரவைத்தார். முதுகில் தட்டினார். "பாத்துப் போ," என்றார். மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார்.

அந்த மூன்று வண்டிக்காரர்களும் பார்த்தது இதுதான். டியூப்போடு பிடிபட்டவன் பாலத்துக்கு அடியில் போனான். கொஞ்ச நேரத்தில் போலீஸே அவனை மாப்பிள்ளை மாதிரி அணைத்துக் கூட்டி வந்து வண்டி ஏற்றியது. கேஸ் இல்லை. அடி இல்லை. இதைப் பார்த்தவன் என்ன நினைப்பான்? நானாக இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். அந்தப் போலீஸ்காரர் என்னை இரண்டு அறை அறைந்திருந்தால் என் பெயர் தப்பியிருக்கும். எனக்கு நல்லது செய்த மனிதர் அவர். கெட்டதும் அதனால்தான் வந்தது. அவரைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று இன்று வரை முடிவு செய்ய முடியவில்லை.

அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. குருவானவர் நாற்காலியில், கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் பாயில். மச்சான் நோட்டையும் பேனாவையும் மடியில் வைத்திருந்தார். நான் கம்பை ஊன்றி நின்றேன். பெண்கள் வாசல் பக்கம் போகிற மாதிரி போய் நின்றுகொண்டார்கள்.

"ரோட்டுல போலீஸ் பிடிச்சப்ப உம்ம தொடையில டியூப்பு இருந்ததா?" என்று குருவானவர் கேட்டார்.

"இருந்தது."

"அதுல சாராயமா?"

"இல்ல."

"அப்ப என்ன?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டியூப்பை வெட்டின கை அது. ஆப்பைச் சீவின கை அது. நான் கேட்டு வாங்கின சத்தியம் எனக்கு நினைவு இருந்தது. ஆனாலும் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சத்தியத்தை உடைக்காமலே சொல்ல வழி இருந்தது. 'அவன் நோயாளி, அது மருந்து சம்பந்தப்பட்டது, எனக்குத் தெரியும், விட்டுவிடுங்கள்.' இவ்வளவு போதும். அவர் சொன்னால் சபை கேட்கும்.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

"சபையில சொல்ல முடியாத பொருள் என்னய்யா அது?"

"சொல்ல மாட்டேன்."

"போலீஸ் ஏன் விட்டுச்சு?"

அந்த நேரத்தில் டியூப் நிறைந்துவிட்டது. ஆராதனை அன்றைக்கு நீண்டுபோயிருந்தது. இடுப்பு நாடா இழுக்கிறதில் அது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் மேல் வழியாக வந்துவிடும். நான் திரும்பிக் கம்பைத் தட்டிக்கொண்டு வேகமாக வெளியே போனேன். பெண்கள் வழி விட்டார்கள். கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போனான் என்று ஆகிவிட்டது. மச்சான் நோட்டில் என்ன எழுதினார் என்று பின்னால் தெரிந்தது. 'கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெளியேறினார். சாராயம் என்று சபை முடிவு செய்கிறது. ஆறு மாதம் திருவிருந்து நிறுத்தம்.' அழகான கையெழுத்து அவருடையது.

வீட்டில் என் பெண்டாட்டி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"மூத்திரம்னு சொன்னா நாக்கு வெந்து போகுமா?"

"நீ சும்மா இரு."

"நாலு வருசமா தொவைக்கேன். எனக்கு நாறல. அவுகளுக்கு நாறப்போகுதா? நான் போயி சொல்லுதேன்."

"போனா நான் திரும்ப வண்டி ஏற மாட்டேன். பாத்துக்கோ."

அவள் போகவில்லை. என்னை அவள் நம்பினாளா, பயந்தாளா, அலுத்துப்போனாளா என்று தெரியாது. ஆனால் அன்றைக்குச் சோறு போடும்போது ஒன்று சொன்னாள். "சாராயக்காரன் பெண்டாட்டின்னு என்னையச் சொல்லுவாக. அதையும் யோசிச்சுக்கிட்டீகளா?" நான் யோசிக்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மச்சான் வீட்டுக்கு வண்டி கட்டிப் போனேன். அவர் பாக்டரியிலிருந்து வரவில்லை. அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் விளையாட்டுப் பேச்சுக்காரி. மனதில் கல்மிஷம் கிடையாது.

"பாத்துக் குடிடா தம்பி. டியூப்பு நெறஞ்சிரப்போகுது," என்றாள்.

செம்பைக் கீழே வைத்தேன்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அன்னைக்கே சொன்னாக. டியூப்ப வெட்டிக் கொடுத்துட்டு வந்து, பாவம்னு சொல்லி ஒரு வாய் சாப்பிடல."

ஆக, சத்தியம் செய்த அன்றைக்கே அதை அவர் உடைத்துவிட்டார். என் மேல் இரக்கப்பட்டுத்தான் உடைத்தார். அதுவும் உண்மையாக இருக்கலாம். சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வந்ததும் கேட்டேன்.

"ஏன் மச்சான் வாயத் தெறக்கல?"

"நீதானே மாப்பிள்ள சத்தியம் வாங்குன. பைபிளக் கையில கொடுத்துல்ல வாங்குன."

"அக்காகிட்டச் சொன்னீகளே."

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

"பெண்டாட்டி வேற, சபை வேற," என்றார்.

"சபையில சொன்னா உங்களுக்கு என்ன?"

"டியூப்பு யாரு கொடுத்தான்னு கேப்பான். நான் கொடுத்தேன்னு சொல்லணும். பாக்டரி கணக்கப்பிள்ள டியூப்பு கொடுத்தான், வண்டிக்காரன் கட்டிக்கிட்டுப் போனான்னு போலீஸுக்குப் போச்சுன்னா? மூத்திரம்னு நீ சொல்லி நான் சொன்னா நம்புவானா?" சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கும் சொல்ல வாய் வரல மாப்பிள்ள. கூச்சமா இருந்துச்சு," என்றார்.

மூன்று காரணம் சொன்னார். சத்தியம் என்றார். பயம் என்றார். கூச்சம் என்றார். எது நிஜம் என்று நான் கேட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். என் மாட்டுக்குத்தான் வைத்தார். அதற்கு மேல் நான் என்ன பேச? கூச்சம் என்றால் எனக்கும் அதே கூச்சம்தானே. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இதை யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். நாலாவது கல்லில் மாடு நின்றது. எதற்கு நின்றது என்று எனக்குப் புரிய நேரம் ஆனது.

ஆறு மாதம் மற்றவர்கள் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்கும்போது நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குப் போகாமல் இருக்கவில்லை. கோயில் அசன விருந்தில் பந்தியின் கடைசியில் ஓர் இலை போட்டார்கள். பக்கத்து இலை காலியாக இருந்தது. பாக்டரியில் என் மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்து உள்ளே விட்டார்கள். ரோட்டில் ஒரு தடவை முகம் தெரியாத ஒருவன் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, அரைக் கோப்பை கெடைக்குமா?" என்று கெஞ்சினான். சாட்டையை ஓங்கினேன். பிறகு சிரிப்பு வந்தது. அவனிடம் டியூப்பை அவிழ்த்துக் கொடுத்திருக்கலாம்.

சபையில் திரும்பச் சேருவதற்கு ஒரு முறை உண்டு. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு கமிட்டிக்காரர் ஒருவர் ஜெபம் பண்ணுவார். கேட்பதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். கேட்காவிட்டால் செத்தாலும் கல்லறைத் தோட்டத்தில் ஓரமாகத்தான் வைப்பார்கள். கேட்டால் செய்யாததைச் செய்தேன் என்று கடவுள் முன்னால் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் இரண்டும் வேண்டாம். அந்தக் கடைசி வழி ஒவ்வொரு நாளும் திறந்தே இருந்தது. நான் அதற்குள் போகவில்லை. ஏன் போகவில்லை? சாராயம் கடத்தினவன் ஆம்பளை. ரோட்டில் அவனிடம் கெஞ்சுவார்கள். மூத்திரம் ஒழுகுகிறவன் யார்? எனக்கு அப்போது இப்படி யோசிக்கத் தெரியவில்லை. இதுதான் காரணம் என்று இப்போது எழுதுகிறேன். இதுவும் சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

எழுந்து நின்றேன். "சாராயம் கடத்தின பாவத்துக்குச் சபையாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்," என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டியூப் கனத்து இடுப்பு நாடாவை இழுத்தது. ஜெபம் பண்ண எழுந்தவர் மச்சான். கண்ணை மூடிக்கொண்டு, "வழி தப்பின இந்த ஆட்டை" என்று ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. அழுகிறார் என்று எல்லாரும் நெகிழ்ந்தார்கள். நான் கண்ணை மூடவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண் திறந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டினேன். இப்போது ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் பை கொடுக்கிறார்கள். டாக்டரிடம், நர்ஸிடம், பஸ் கண்டக்டரிடம்கூட என்ன அது என்று கேட்டால் மூத்திரப் பை என்று சொல்கிறேன். யாரும் சாகவில்லை. நானும் சாகவில்லை. எப்போது சொல்லப் பழகினேன் என்று தெரியாது. ஆனால் அந்த நோட்டு இன்னும் சபை அலமாரியில் இருக்கிறது. அதில் நான் சாராயக்காரன். என் பெண்டாட்டி சாராயக்காரன் பெண்டாட்டியாகவே போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு நான் செய்தது அது. அதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன், இதோ, இத்தனை பக்கம் எழுதி.

இனி மச்சான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு எண்பது நெருங்குகிறது. காது நன்றாகக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் நாற்காலியில் உட்காருகிறார். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டால் மறுபடி மூன்று காரணம் சொல்வார். எனக்கு அது வேண்டாம்.

மச்சான், வருகிற ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசித்து முடித்ததும் எழுந்து நில்லுங்கள். நானும் எழுந்து நிற்கிறேன். என் டியூப்பில் என்ன இருந்தது என்று உங்களுக்கு அன்றைக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தும் ஏன் 'சாராயம்' என்று எழுதினீர்கள்? ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் கேட்கிற மாதிரி, சபை முன்னால் சொல்லுங்கள்.